தாத்தாவின் ஊருக்குப் போய் வந்தோம்

அம்மாவின் தோள்பைக்குள் ஒரு பழைய கடித உறை இருந்தது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் முகாமுக்கும் வந்த உறை அது. எனது பிறப்புச் சான்றிதழ் தப்பவில்லை. அந்த உறை தப்பிவிட்டது. அதன் பின்பக்கத்தில், திருச்சி மாவட்டம் துறையூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தின் விலாசம்.

"கண்ண மூடுறதுக்குள்ள அப்பா பொறந்த ஊர ஒரு தடவ பாத்துறணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். 2018இல் இரண்டு ஆடுகளை விற்று, சீட்டுக்காசையும் எடுத்து, அம்மா, நான், என் மகள் மூவரும் புறப்பட்டோம்.

தாத்தா 1930களில் மண்டபம் முகாமில் நாள்கணக்காகத் தடுத்து வைக்கப்பட்டு, பிறகு கப்பலில் தலைமன்னாருக்கு வந்து, மாத்தளைத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எங்கள் வீட்டையும் அது பிரித்தது. பெரிய மாமா 1972இல் போனார். தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலை மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்பார்கள். அம்மா 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்து, அப்பாவுடன் காடு வெட்டிக் குடியேறினார்.

கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம்தான். சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினோம். கொள்ளிடம், மண்ணச்சநல்லூர் தாண்ட, தூரத்தில் பச்சைமலை தெரிந்தது. வழியெல்லாம் சின்ன வெங்காயத் தோட்டங்கள். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

விலாசத்தைக் காட்டிக் கேட்டுக் கேட்டு, தாத்தாவின் அண்ணன் மகனுடைய வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் இறந்துவிட்டார். அவரது மனைவி, அம்மாவுக்கு அண்ணி முறை, வாசலிலேயே நின்றார். தண்ணீர் தந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டார்:

"பங்கு கேட்டு வந்திருக்கீங்களா?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அம்மா கோபிக்கவில்லை. "இல்லீங்க அண்ணி. எங்களுக்குக் கிளிநொச்சியில அரை ஏக்கர் இருக்கு. பத்திரமும் இருக்கு" என்றார். அந்த அனுமதிப்பத்திரம் 2016இல்தான் எங்கள் கைக்கு வந்தது. சகோதரிகளே, அதற்காக அம்மா எத்தனை வருடம் நடந்தார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதன்பிறகு அண்ணி மாறிவிட்டார். வெங்காயச் சாம்பார் வைத்து, இலை போட்டுச் சோறு தந்தார். நான் கதைத்ததைக் கேட்டு, "பாப்பா மலையாளம் பேசுதா?" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கிளிநொச்சியில் அம்மாவின் பேச்சைக் கேட்டு 'தோட்டத்து ஆக்கள்' என்று ஒதுக்கினார்கள். இங்கே அம்மாவின் தமிழ் அப்படியே ஊர்த்தமிழ், என் தமிழ்தான் அந்நியம்.

பெரிய மாமாவைப் பற்றிக் கேட்டோம். வந்து ஆறு மாதம் இந்தத் திண்ணையில்தான் படுத்திருந்தாராம். "இங்க அவருக்கு என்ன இருந்துச்சு? எங்களுக்கே காணாத நெலம். ஊர்ல எல்லாரும் சிலோன்காரன்னாங்க" என்றார் அண்ணி. இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியிருந்தது. மாமா அங்கே கோத்தகிரிக்குப் போய்விட்டார். போன இடத்திலும் கொழுந்துக் கூடைதான். அங்கேயே இறந்தும் போனார். அந்தச் செய்தி எங்களுக்கு வந்து சேரவில்லை. உறைக்குள் இருந்த கடிதம் திண்ணையில் இருந்து எழுதியதுதான்.

கோத்தகிரிக்குப் போகக் காசு போதவில்லை. அம்மா அந்தத் திண்ணையில் மாலைவரை இருந்தார். கையால் அதைத் தடவிப் பார்த்தார். நாங்கள் கொண்டுபோன தேயிலைப் பைக்கற்றை அண்ணியிடம் கொடுத்தோம். அவர் ஒரு புடவை எடுத்துக் கொடுத்து, "பங்குன்னு கேட்டத மனசுல வச்சுக்காத" என்று அம்மாவின் கையைப் பிடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தார். அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன்.

"பக்கத்து வீட்டுப் பிள்ள கத்தரிக்குத் தண்ணி விட்டிருக்குமா?" என்றார்.