அடிப்படியிலிருந்து படித்தல்

ஆய்வேட்டின் இறுதி இயலை எழுத வேண்டிய நாட்களில் நான் கார்களுக்கு அட்டவணை வரைந்துகொண்டிருந்தேன். ஹைதராபாத்துக்கு வந்திருந்த அப்பா, தம் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து பாதிப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

2023 மார்ச்சில் வெளிவந்த ஹூண்டாய் வெர்னாவில் மனம் நிலைத்தது. அப்போது ஈஎக்ஸ், எஸ், எஸ்எக்ஸ், எஸ்எக்ஸ் ஓ என நான்கு படிநிலைகள் இருந்தன. 1.5 லிட்டர் சாதாரண எஞ்சினின் திறன் 115 பிஎஸ்; அதே கொள்ளளவில் டர்போவுக்கு 160. முறுக்குவிசையோ 144 நியூட்டன் மீட்டரிலிருந்து 253க்குத் தாவுகிறது. ஆனால் அப்போது டர்போ எஸ்எக்ஸிலிருந்துதான் தொடங்கியது. சோதனை ஓட்டத்தில் அதன் பாய்ச்சலை உணர்ந்தபின் என் அட்டவணை நடுநிலை இழந்தது.

அப்பா கேட்டது ஒன்றுதான்: “விலை குறைஞ்சதை வாங்குறவனுக்குப் பாதுகாப்பும் குறைவாப்பா?”

அப்போதுதான் அட்டவணையைக் கீழிருந்து படித்தேன். ஆறு ஏர்பேக்குகள் எல்லாப் படிநிலைகளுக்கும் பொது. ஆபத்தில் தானே பிரேக் பிடிக்கும் வசதி உச்சப்படிக்கு மட்டுமே இருந்தது. டர்போவுக்காக நான் கூடுதலாகத் தரவிருந்த ஏறத்தாழ மூன்று இலட்சம், பாதுகாப்புக்கான விலையன்று. என் ஆசைக்கான விலை. முதுநிலை ஆய்வாளருக்கான 42,000 ரூபாய் உதவித்தொகையில் அது ஏழு மாதம்.

ஆசை இழிவானதன்று. அதை அப்பாவின் சேமிப்பில் வாங்குவதே உறுத்தியது. எஸ் படிநிலையைப் பதிவு செய்தேன். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது அந்த 45 பிஎஸ் இன்றும் நினைவுக்கு வருகிறது. அருகில் அப்பா நிம்மதியாக உறங்குகிறார்.