சாகண் கோட்டை: கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில்

புனேயிலிருந்து நாசிக் சாலையில் வடக்கே சுமார் 30 கி.மீ. போனால் சாகண். வெங்காய மண்டிக்குப் பேர்போன ஊர். இன்று பஜாஜ், மஹிந்திரா, வோக்ஸ்வாகன் என்று வாகனத் தொழிற்சாலைகளின் ஊர். லாரி வரிசையில் சிக்கித் தவிப்பவர்களில் எத்தனை பேருக்கு இங்கே ஒரு கோட்டை இருப்பது தெரியுமோ!

சங்க்ராம்துர்க், சமதளத்தில் அகழி சூழக் கட்டப்பட்ட கோட்டை. 1660ல் ஔரங்கசீப்பின் தளபதி சாயிஸ்தா கான் இதை முற்றுகையிட்டபோது, சிவாஜியின் கோட்டைத் தலைவர் பிரங்கோஜி நர்சாலா ஏறக்குறைய இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். சுரங்கம் தோண்டி, வெடிமருந்து வைத்துக் கொத்தளத்தைத் தகர்த்த பிறகே கோட்டை விழுந்தது.

இன்று முற்றுகையிடுவது செடிகொடிகள். மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இலையும் கருங்கல்லும் ஒரே சாம்பல் நிறம். லென்ஸின் முன் அகச்சிவப்பு பில்டர் ஒன்றை மாட்டினால் கதை மாறுகிறது. இலைகள் பனி படர்ந்தது போல வெளுக்கின்றன. கல் கறுப்பாகவே நிற்கிறது. நீல வானம் இருள்கிறது. பச்சையம் அகச்சிவப்பை விழுங்குவதில்லை; இலையின் உள்ளமைப்பு அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. 1910ல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெளியிட்ட இயற்கைக் காட்சிப் படங்கள் உலகுக்குக் காட்டிய விந்தை இது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. 77 மி.மீ. வாய் கொண்ட லென்ஸுக்கு அதே அளவில் பில்டர் வாங்கினால்தான் கை கடிக்கும். வளையம் போட்டு 52 மி.மீ. பில்டரை அதில் பொருத்தலாம். ஆனால் அகலக் கோணத்தில் படத்தின் நான்கு மூலைகளும் கறுத்துவிடும். அதைவிட, சற்றுத் தள்ளி நின்று பழைய 50 மி.மீ. லென்ஸில் எடுப்பது புத்திசாலித்தனம். பலவற்றுக்கு இந்தச் சின்ன பில்டரே பொருந்தும்.

720 நானோமீட்டர் பில்டர் கண்ணுக்குக் கிட்டத்தட்ட கறுப்புக் கண்ணாடி. எனவே காட்சியை முதலில் அமைத்துவிட்டு, பிறகுதான் மாட்ட வேண்டும். குவியமும் சற்று இடம் மாறும். பழைய லென்ஸ்களில் அதற்கென்றே சிவப்புக் குறி உண்டு. டிஜிட்டல் காமிராவின் உள்ளே அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால், உச்சி வெயிலிலும் பல விநாடிகள் திறந்து வைக்க வேண்டியிருக்கும். முக்காலி கட்டாயம். காற்றடித்தால் இலைகள் கலங்கிவிடும். சுவர் அசையாது.

அந்தக் கறுத்த சுவரில் எங்கெல்லாம் வெள்ளைக் கீற்று தெரிகிறதோ, அங்கெல்லாம் ஒரு செடி கல்லிடுக்கில் வேரை நுழைத்துக்கொண்டிருக்கிறது.