உடன்பயில்வோர் பங்கு

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கிய மாணவனுக்கும் புலமையில் காற்பங்கே வாய்க்கும். உடன்பயில்வோரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் வந்து சேரும். தேர்வு நெருங்கியதும் குறிப்பேட்டைத் தோழன் கண்ணில் படாமல் காக்கும் மாணவர் எக்கல்லூரியிலும் உண்டு. அதனால் மதிப்பெண் ஒன்றிரண்டு கூடக்கூடும். நன்னூலார் கணக்கிலோ முக்காற்பங்கு கைவிட்டுப் போகிறது.

சென்னையில் இவ்வுண்மையின் ஒரு பகுதியைக் கண்டுகொண்ட அயலவர் ஆண்ட்ரூ பெல். 1789ஆம் ஆண்டு எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அவர், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அவ்வழக்கத்தைத் தம் பள்ளியிலும் புகுத்தி, சிறுவரைக் கொண்டே சிறுவருக்குக் கற்பிக்கச் செய்தார். 1797இல் இலண்டனில் வெளியான அவரது நூலின் வழியே இது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கு இதில் புதுமை ஏதுமில்லை! எனினும், அச்சிறுவர் பெரும்பாலும் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்களேயன்றி, எதிர்வினா எழுப்ப அங்கு இடம் குறைவு.

அந்த இடம் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் ஒருமுறை வாய்த்தது. 1856ஆம் ஆண்டு வேப்பேரியில் தொடங்கிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியே பின்னர்ச் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்து கல்லூரியாக வளர்ந்தது. 1910இல் அங்குப் பயிற்சி பெற வந்தோருள் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கும் பணியில் முன்பே சேர்ந்திருந்த அவருக்கு, உளவியலில் வகுப்புப் பாடத்தை விஞ்சிய பயிற்சி இருந்தது. அதனை உணர்ந்த பேராசிரியர், அப்பாட வகுப்புகளிலிருந்து அவருக்கு விலக்களித்து, அதற்கு ஈடாக உடன்பயிலும் மாணவர்க்கு உரையாற்றுமாறு பணித்தார்.

தம் மேடையை மாணவர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்த அந்தப் பெருமனமே இந்நிகழ்ச்சியில் முதலில் போற்றத்தக்கது. கேட்போர்க்கும் அது புதிய நிலைதான். ஆசிரியர் முன் கேட்கத் தயங்கும் ஐயத்தைத் தோழனிடம் அச்சமின்றிக் கேட்கலாம். பொருந்தாத விடையை மறுக்கவும் செய்யலாம். விடை சொல்பவரோ, தாம் தெளிந்ததாக எண்ணியிருந்த ஒன்று எங்கே மங்குகிறது என்பதை அத்தகைய வினாவின் முன்னேதான் அறிகிறார். வகுப்புத் தோழர்க்காக ஆயத்தமான அவ்வுரைகள், 1912ஆம் ஆண்டு உளவியலின் அடிப்படைகளைக் கூறும் சிறு நூலாக ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியே வெளிவந்தன.