மேல் கீல் ஏன் முதலில் கழல்கிறது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பேத்தி குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டாள். தாத்தா கையில் திருப்புளி, காதிடுக்கில் ஊதுவத்திக் குச்சி, பின்னால் கதவில்லாத அலமாரி. அது எப்படியோ பழைய மாணவர் குழுவுக்கும் போய்விட்டது. "சார், இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை? ஒரு ஆளக் கூப்பிட்டா ஆகாதா?" என்று ஒருவர். "சித்தப்பா, பத்திரம்" என்று இன்னொருவர். தனித்தனியாகப் பதில் எழுதினால் விரல் நோகும். எல்லாருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போகிற உறவினர் கூட்டம் வழக்கம்போல் பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டில் தங்கியது. மூன்று நாள், பதினெட்டுப் பேர். அடுப்பங்கரை அலமாரியை ஆளுக்குப் பத்துத் தடவை திறந்து மூடினார்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் ஊர் திரும்பிய நாலாம் நாள், அடுப்புக்குப் பக்கவாட்டில் மேலே இருக்கும் கதவின் மேல் கீல் திருகாணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கதவு கீழ்க் கீலில் மட்டும் சாய்ந்து தொங்கியது. கீழே ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டம்மா ஒரு கையால் கதவைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு வலது தோளில் ஒரு வருஷமாக வலி. தாங்கியது அந்தக் கைதான்.

"ஒரு வாரமாவே சாத்தும்போது சத்தம் வேற மாதிரி இருந்துச்சுங்க" என்றார் பிறகு. தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். எங்கள் ஊரில் பாதி வீட்டில் தறி ஓடும். தறியில் ஒரு போல்ட்டு தளர்ந்தால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும் என்பார்கள். அடுத்த வீட்டு விசைத்தறியின் அதிர்வு எங்கள் சுவருக்கும் வரும். அதுவும் இந்தத் திருகாணிகளைத் தளர்த்துகிறது என்பது அவருடைய கட்சி. இருக்கலாம்.

அன்று இரவே பெரியவன் சென்னையிலிருந்து போன் செய்தான். "அப்பா, நீங்க ரெண்டு பேரும் அங்க தனியா இருக்கறதே எனக்குப் பயமா இருக்கு. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துடுங்களேன்." அவன் பயம் நியாயமானது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டம்மா போனை வாங்கி, "கதவு விழுந்தா கதவ மாட்டணும்டா. வீட்டயா விடுவாங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அப்படிச் சொன்ன பிறகு கதவு நின்றாக வேண்டுமே.

ஆளைக் கூப்பிடாமலும் இல்லை. என்னிடம் படித்த தச்சர் ஒருவர் இருக்கிறார். விடியற்காலை பஸ்ஸில் திருத்தணி போய், ரயில் பிடித்துச் சென்னையில் அடுக்குமாடிகளுக்கு வேலை செய்துவிட்டு இரவு திரும்புகிறவர். "ஞாயித்துக்கெழமதான் வர முடியும் ஐயா. அதுவரைக்கும் இருக்க வேணாம், நான் சொல்றேன், நீங்களே பண்ணிடலாம். ஓட்டைய அடைச்சிட்டு அதே ஸ்க்ரூவப் போடுங்க. பெரிய ஸ்க்ரூ மட்டும் போட்டுடாதீங்க" என்றார். நான் பாடம் நடத்தியவர் எனக்குப் போனில் பாடம் நடத்தினார். நானும் குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு சொல் விஷயம். கீல் என்றால் மூட்டு. கதவுக்கும் அதுதான், முழங்காலுக்கும் அதுதான். கீல்வாதம் என்று சொல்கிறோமே. தெலுங்கிலும் மூட்டுக்குக் கீலு என்றே பெயர். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணி வட்டம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் எங்கள் கடைத்தெருவில் இரண்டு மொழியும் கலந்துதான் ஓடும். எந்த மொழியில் கேட்டாலும் கடைக்காரர் சரியான பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

சரி, மேல் கீல் ஏன் முதலில் கழல்கிறது? என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இதற்கு மேல் படிக்காமலே பதில் சொல்ல வேண்டும். திருப்புத்திறன். எங்கள் கதவு 40 செ.மீ. அகலம், எடை சுமார் 3 கிலோ. எடை கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளிச் செயல்படுகிறது. இரண்டு கீலுக்கும் இடைவெளி 40 செ.மீ. 3-ஐ 20-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 1.5. ஆக, சும்மா மூடிக் கிடக்கும்போதே அந்தக் கதவு மேல் கீலை ஒன்றரைக் கிலோ விசையோடு பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. கீழ்க் கீலை அதே அளவு பலகைமேல் அழுத்துகிறது. அழுத்தினால் திருகாணி கழலாது, இழுத்தால்தான் கழலும். இரவு பகல் ஓயாத இழுப்பு.

திறந்த கதவின் ஓரத்தில் கை ஊன்றி 10 கிலோ கொடுத்தால், மேல் கீலுக்கு இன்னொரு 10 கிலோ இழுப்பு. இதைவிட மோசம், திறக்கும் எல்லைக்கு மேல் தள்ளுவது. அப்போது கதவே கடப்பாரை ஆகிவிடுகிறது. கீலின் பிடிப்பு சுழலும் இடத்துக்கு மூன்று செ.மீ. தூரத்தில்; உங்கள் கை 40 செ.மீ. தூரத்தில். பத்து மடங்குக்கும் மேல் நெம்புகிறீர்கள். அவசரத்தில் டப்பா எடுக்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

எங்கள் தாத்தா காலத்துத் தெருக்கதவுக்குக் கீலே கிடையாது. குடுமிதான். கதவின் மேலும் கீழும் மரத்திலேயே முளை விட்டு, நிலையிலும் வாசற்படியிலும் குழி பறித்து உட்கார வைத்திருப்பார்கள். எடை முழுவதும் கீழ்க் குழியில் இறங்கிவிடும். பிடுங்கிக்கொண்டு வரத் திருகாணியே இல்லை. எண்ணெய் விட்டால் போதும். அதற்காக அடுப்பங்கரைக்குக் குடுமிக் கதவு கேட்க முடியாது. இப்போது எல்லா வீட்டிலும் இருப்பது உள்ளே மறைந்திருக்கிற கிண்ணக் கீல். தச்சர்கள் ஆட்டோ கீல் என்பார்கள். கதவில் 35 மி.மீ. வட்டக் குழி வெட்டி அதன் கிண்ணத்தைப் பதித்து, மறுபக்கத் தகட்டை அலமாரியின் பக்கப் பலகையில் இரண்டு சிறிய திருகாணியால் பிடித்திருப்பார்கள். நீளம் பெரும்பாலும் 16 மி.மீ. கதவு முழுவதும் அந்தச் சின்னத் திருகாணிகளை நம்பித்தான் தொங்குகிறது.

திருகாணி கழன்றால் எல்லாரும் திருகாணியைத்தான் குறை சொல்கிறோம். அதை எடுத்துப் பாருங்கள், புதிதுபோல இருக்கும். போனது ஓட்டை. அதற்குள் இருந்த மரை தேய்ந்து மாவாகிவிட்டது. ப்ளைவுட் என்றால் இதற்குப் பல வருஷம் ஆகும். மரத்தூளையும் சிம்பையும் பசை விட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு என்றால் சீக்கிரமே ஆகிவிடும். குக்கர் ஆவியும் தொட்டித் தண்ணீரும் பட்டால் அது பொரிபோல உப்பி உதிரும். புது வீடு கட்டுகிறவர்கள் கவனியுங்கள்: ப்ளைவுட்டில் ஐ.எஸ். 303 அல்லது, தண்ணீர் படுகிற இடத்துக்கு, ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பலகையைத் திருப்பிப் பாருங்கள்.

பெரிய திருகாணி ஏன் கூடாது? எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. சில வருஷம் முன் ஒருவர் கீழ் அலமாரிக்கு ஒரு அங்குலத் திருகாணியை முறுக்கிவிட்டுப் போனார். பலகையின் கனம் 18 மி.மீ. அந்தப் பக்க லேமினேட்டில் பரு மாதிரி முனை எட்டிப் பார்த்தது. உள்ளே பலகையும் பிளந்துவிட்டது.

ஆகவே ஓட்டையை அடைத்தேன். முதலில் அலமாரியைக் காலி செய்தோம். கதவின் எடையை வீட்டம்மாவும் பேத்தியும் தாங்க, கீழ்க் கீலையும் கழற்றிக் கதவை இறக்கிப் பாயில் படுக்க வைத்தோம். ஓட்டையில் இருந்த தூளைத் தட்டி ஊதி எடுத்தேன். பிறகு ஊதுவத்திக் குச்சி. அது மூங்கில், தீக்குச்சியைவிடக் கெட்டி. மசாலா ஒட்டாத அடிப்பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும், மசாலா மேல் பசை பிடிக்காது. பெவிகாலில் தோய்த்து மூன்று நாலு குச்சியை இறுக்கமாகச் செருகி, சுத்தியலால் லேசாகத் தட்டி, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு 24 மணி நேரம் விட்டேன். இங்கேதான் பலரும் கெடுக்கிறார்கள். பசை மேலே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம். ஒரு நாள் கதவில்லாமல் இருந்தால் குடி முழுகிவிடாது.

மறுநாள் நீட்டிக்கொண்டிருந்த குச்சியை பிளேடால் மட்டமாகச் சீவிவிட்டு, நடுவில் தமரூசியால் சிறு துளை போட்டேன். தமரூசி இல்லாதவர்கள் திருகாணியைவிட மெல்லிய ஆணியை அடித்துப் பிடுங்கினாலும் சரி. பிறகு கையால் முறுக்கினேன். மின்சாரத் திருப்புளி வேண்டாம். அது எப்போது நிறுத்த வேண்டும் என்று கைக்குச் சொல்லாது.

இரண்டு நுணுக்கம். ஒன்று, ஏற்கெனவே மரை உள்ள ஓட்டையில் திருகாணியைத் திரும்பப் போடும்போது, முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ஒரு இடத்தில் 'டக்' என்று விழும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினால் அதே பாதையில் போகும். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டி ஓட்டையைத் தின்னும். இரண்டாவது, திருகாணித் தலை. நாம் ஸ்டார் என்று சொல்வது 1930-களில் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை வாங்கிய வடிவம். ஆனால் கிண்ணக் கீல் பலவற்றில் கூட்டல் குறிக்கு இடையே மெல்லிய நாலு கோடு கூடுதலாக இருக்கும். அது போஸிடிரைவ். அதற்குச் சாதாரண ஸ்டார் திருப்புளி போட்டால் வழுக்கி வழுக்கித் தலையே மழுங்கிவிடும். கடையில் கேட்டால் தனி முனை கிடைக்கும்.

கதவு மாட்டியாயிற்று, ஆனால் பக்கத்துக் கதவோடு சேரவில்லை, மேலே இடித்தது. இந்தக் கட்டத்தில் வேலை என் கையைவிட்டுப் போய்விட்டது. "தள்ளுங்க" என்று வீட்டம்மா திருப்புளியை வாங்கிக்கொண்டார். கீலின் கையில் இரண்டு திருகு உண்டு. கதவுக்கு அருகில் இருப்பது கதவை இடம் வலமாக நகர்த்தும். பின்னால் இருப்பது உள்ளே வெளியே நகர்த்தும். மேலே கீழே நகர்த்தத் தகட்டின் திருகாணியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். கால் சுற்று, தள்ளி நின்று ஒரு பார்வை, மறுபடி கால் சுற்று. பாவு நேராக இருக்கிறதா என்று சின்ன வயதிலிருந்து பார்த்த கண். மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி வரும்வரை விடவில்லை. தோள் வலியை அந்த அரை மணி நேரம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செலவு? பெவிகால் சின்ன டப்பாவும் திருப்புளி முனையும்தான். குச்சி சாமி அறையிலிருந்து வந்தது.

ஞாயிறு அன்று தச்சர் வந்தார். கதவை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்து, "நிக்கும் ஐயா" என்றார். கீழ் அலமாரியின் பிளந்த பலகையை மட்டும் அவரிடம் விட்டேன். உதிர்ந்துபோன இடத்தில் குச்சி நிற்காது. அந்த இடத்தை வெட்டி எடுத்து ப்ளைவுட் துண்டு பதித்துக் கீலை மாட்டினார். கூலி வேண்டாம் என்றார். அரை நாள் வேலைக்கு முழு ஞாயிற்றுக்கிழமையை விட்டு வந்தவருக்குக் கொடுக்காமல் விடுவதா? சட்டைப் பையில் வைத்து அனுப்பினேன். பெரியவனுக்குப் பேத்தி வீடியோ அனுப்பினாள். "தீபாவளிக்கு வர்றேன், பாக்கறேன்" என்று மட்டும் பதில் வந்தது.

இப்போது உங்களுக்கு வீட்டுப்பாடம். இன்று இரவு உங்கள் அடுப்பங்கரையில் மேல் வரிசைக் கதவு ஒவ்வொன்றையும் பாதி திறந்து, கீல் இல்லாத பக்கத்துக் கீழ் மூலையை ஒரு விரலால் லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். ஆடாமல் இருந்தால் நல்லது. ஆடினால் மேல் கீலின் திருகாணியைத் தொட்டுப் பாருங்கள். முறுக்கினால் பிடிக்கிறதா, சும்மா சுற்றுகிறதா என்று கீழே எழுதுங்கள். அடுப்புக்கு அருகில் இருக்கிற கதவை முதலில் பாருங்கள்.