வளையத்தில் இருந்த பெயர்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் ஃபஜ்ருத் தொழுகை முடிந்தவுடனே வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுவேன். மேற்கு இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றிலுள்ள ரயில் நிலையத்திற்கு ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் கார் ஓட்ட வேண்டும். அங்கே இன்றும் ஓடுவது நீராவி ரயில். அதன் சிக்னல் கேபினில் நான் ஊதியமில்லாத் தொண்டன். "வாரமெல்லாம் உழைத்துவிட்டு, விடுமுறை நாளில் காசில்லாத வேலை எதற்கு?" என்று உறவினர் கேட்பதுண்டு. என் மனைவி கேட்பதை நிறுத்திப் பல நாள் ஆயிற்று. சட்டையில் வீசும் கரிப்புகை மணத்தைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிரிட்டனில் இத்தகைய மரபு ரயில் பாதைகள் ஏராளம். அவற்றிற்கு வழிகாட்டியது வேல்ஸ் நாட்டின் டாலிலின் பாதை. மூடப்படும் நிலையிலிருந்த அதனைக் காக்க டாம் ரோல்ட் என்னும் எழுத்தாளரும் அவர் நண்பர்களும் 1950இல் ஒரு சங்கம் அமைத்தனர். 1951 முதல் தொண்டர்களே அதை ஓட்டி வருகின்றனர்.

கேபினுக்குள் முதன்முதலாக ஏறுகிறவர் கண்ணில் படுவது வரிசையாக நிற்கும் லிவர்கள். சிவப்பு வண்ணம் பூசியவை ரயிலை நிறுத்தும் கைகாட்டிகளுக்கு உரியவை. மஞ்சள் நிறத்தவை தொலைவிலேயே எச்சரிக்கும் கைகாட்டிகளுக்கு. கறுப்பு, தண்டவாளம் பிரியும் பாயிண்டுகளுக்கு. நீலம், அந்தப் பாயிண்டுகளைப் பூட்டுவதற்கு. மெருகேற்றிய எஃகுக் கைப்பிடியை வெறுங்கையால் தொடுவது அங்கே மரியாதைக் குறைவு. வியர்வை பட்டால் துருப்பிடிக்கும் என்பதால் துணியொன்றைச் சுற்றித்தான் இழுக்க வேண்டும். பாயிண்டு சரியாகத் திரும்பாதவரை அதற்குரிய கைகாட்டி இறங்காது. தரைக்கு அடியில் இரும்புப் பட்டைகள் ஒன்றையொன்று தடுத்து நிற்கும். மனிதன் தவறாக இழுத்தாலும் இரும்பு இணங்காது.

அடுத்த கேபினோடு பேசும் மொழி மணியோசை. மூன்று தட்டி, சிறிது நிறுத்தி, மீண்டும் ஒன்று தட்டினால், "பயணிகள் ரயிலுக்கு வழி உண்டா?" என்று பொருள். இரண்டு தட்டினால் ரயில் புறப்பட்டுவிட்டது. இரண்டும் ஒன்றுமாகத் தட்டினால் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும்.

எங்கள் பாதை ஒற்றை வழி. எதிரெதிர் ரயில்கள் மோதாமல் காப்பது டோக்கன். ஒரு பகுதியின் இரு முனைகளிலும் மின்கம்பியால் இணைந்த இரு கருவிகள் உள்ளன. அக்கம்பக்கத்துக் கேபின்கள் இரண்டும் இசைந்தால் ஒரு டோக்கன் வெளியே வரும். அது ஏதேனும் ஒரு முனையில் திரும்பச் செருகப்படும்வரை இன்னொன்று வராது. அந்த டோக்கன் கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அப்பகுதிக்குள் நுழையக் கூடாது. நம் வழக்கில் சொன்னால், அது ஓர் அமானிதம். எட்வர்ட் டயர் 1878இல் இந்த முறையைக் கொண்டுவந்ததற்கு, 1874இல் நார்விச் நகருக்கு அருகே தோர்ப்பில் இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதிய விபத்தே தூண்டுதல்.

இந்த டோக்கனை நான் முதலில் பார்த்தது இங்கிலாந்தில் அன்று. என் வாப்பா திருவாரூர்–காரைக்குடி மீட்டர்கேஜ் பாதையில், ஒரு சிறு நிலையத்தின் பாயிண்ட்ஸ்மேன். எங்கள் ஊர்ப் பக்கத்து டோக்கன் எஃகுப் பந்து. அதைத் தோல் பையில் இட்டுப் பிரம்பு வளையத்தில் கோத்து, நள்ளிரவில் நிற்காமல் விரையும் கம்பன் எக்ஸ்பிரஸின் எஞ்சினை நோக்கி வாப்பா உயர்த்திப் பிடிப்பார். வளையத்தைப் பெறுவதற்கு முன்னும் கொடுப்பதற்கு முன்னும் பந்தைப் பையிலிருந்து எடுத்து, அதில் வெட்டியிருக்கும் இரு ஊர்ப் பெயர்களையும் உரக்கச் சொல்வார். ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்துக் கொடுத்ததை மறுபடியும் பார்ப்பானேன் என்று சிறுவயதில் எனக்குச் சலிப்பாக இருக்கும்.

பயிற்சிக் காலத்தில் எனக்குக் கற்றுத் தந்த முதியவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், அதே டாம் ரோல்ட் ரயில் விபத்துகள் பற்றி எழுதிய 'ரெட் ஃபார் டேஞ்சர்' என்னும் நூலை வாசிக்கத் தந்தார். அதில் ஆபர்மியூல் விபத்து வருகிறது. 1921 ஜனவரி 26, வேல்ஸின் ஒற்றை வழிப் பாதை. மெதுவான ரயில் ஒன்று ஆபர்மியூல் நிலையத்திற்கு வந்தது. தான் கடந்து வந்த பகுதியின் வட்டத்தகட்டை அதன் ஓட்டுநர் ஓர் இளம் ஊழியனிடம் கொடுத்தார். அவன் அதைப் பொறுப்பிலிருந்த அதிகாரியின் கையில் தந்தான். அவரோ, அது இனிக் கடக்கவேண்டிய பகுதிக்குரியது என்று எண்ணி, பையைத் திறவாமல் ஓட்டுநரிடமே திருப்பிக் கொடுத்தார். ஓட்டுநரும் பார்க்கவில்லை. எதிரே விரைவு ரயில் வந்துகொண்டிருந்தது. பதினேழு பேர் இறந்தனர். கருவிகள் எவையும் பழுதாகவில்லை. ஒரு பெயரை வாசிக்க ஆளில்லாமற் போயிற்று.

வாசித்தபோது, "இவ்வளவு கவனமின்மையா!" என்று தீர்ப்புச் சொன்னேன். அந்தத் தீர்ப்பு எனக்கே திரும்ப ஒரு கோடைக்காலமும் ஆகவில்லை.

கூட்டம் மிகுந்த ஒரு நாள். கீழ்ப் பகுதியிலிருந்து வந்த ரயில் நின்றது. ஃபயர்மேன் வளையத்தை என்னிடம் தந்தார். எதிர் ரயில் தாமதம். தொலைபேசி ஒலித்தது. வளையத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பேசினேன், பதிவேட்டில் எழுதினேன், படியில் நின்ற குழந்தை ஒன்று கையசைத்தது, நானும் அசைத்தேன். திரும்பினால், ஃபயர்மேன் ஜன்னலுக்குக் கீழே கை நீட்டி நின்றார். கொக்கியிலிருந்த வளையத்தை எடுத்து நீட்டினேன்.

"அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றார் முதியவர். இருக்கையை விட்டு எழவுமில்லை.

வாசித்தேன். கீழ்ப் பகுதியின் பெயர். அவரிடமிருந்து வாங்கியதையே அவரிடம் கொடுக்க இருந்தேன்.

கைகாட்டி நிறுத்தத்திலேயே இருந்தது, ஓட்டுநரும் பார்த்திருப்பார், ஆகவே எதுவும் நேர்ந்திருக்காது என்று பிறகு எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஆபர்மியூலிலும் அப்படித்தான் ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்பினார்கள். அன்று லுஹருக்கு நின்றபோது என் கால்கள் நடுங்கியது நினைவிருக்கிறது. நடந்ததை நானே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்குத் தனியாகக் கேபினை ஒப்படைப்பது மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. அது நியாயம்தான்.

இரவு வாப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எண்பது வயதைக் கடந்தவர், காது மந்தம். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் பேசவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் எழுத்து வாசிக்கத் தெரியாது, வாப்பா. அது உனக்குத் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பெயர்களைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். வாசிக்கிறார் என்றே நினைத்திருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டு அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர்களின் வடிவங்களை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டாராம். மழை இரவுகளில் விளக்கு அணைந்துவிடும். பந்தைக் கையில் உருட்டி, வெட்டெழுத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பாராம். "சத்தமாகச் சொன்னால் தப்பு இருந்தால் மாஸ்டர் திருத்துவாரே, அதற்குத்தான்" என்றார்.

பிறகு, அங்கே இப்போது குளிரா, பிள்ளைகள் ஓதுகிறார்களா என்று கேட்டுவிட்டு, போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை டோக்கனைக் கையில் எடுத்ததும் இரு ஊர்ப் பெயர்களையும் உரக்கச் சொன்னேன். ஜன்னலுக்குக் கீழே நின்ற ஃபயர்மேன் வியப்போடு நிமிர்ந்து பார்த்தார். பின், வளையத்தை வாங்கித் திருப்பிப் பார்த்து, அவரும் அவற்றைச் சொன்னார்.