கருங்காலி: பெயரும் மரமும்

நுழையும்முன்

கண்ணால் காணாத ஒரு மரத்தின் பெயரை நாள்தோறும் பயன்படுத்துவோர், அம்மரத்தையும் அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுண்டு. வசைச்சொல்லாகவும் வணிகச் சரக்காகவும் வழங்கும் 'கருங்காலி' என்னும் பெயருக்குப் பின்னால் நிற்கும் மரத்தை அறிய முற்படுகிறது இக்கட்டுரை.

ஒரு பெயர், இரு வழக்குகள்

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரம் சில பத்தாண்டுகளில் ஆலைகளின் வட்டாரமாயிற்று. ஆலைகள் வந்த இடத்தில் தொழிற்சங்கங்கள் வந்தன. சங்கங்களோடு அவற்றுக்கே உரிய சொற்களும் வந்தன. வேலைநிறுத்தக் காலத்தில் உடன் உழைப்போரைக் கைவிட்டு ஆலைக்குள் நுழைபவரைக் 'கருங்காலி' என்பது தொழிலாளர் வழக்கு. வாயிற்கூட்டங்களில் இதைவிடக் கடுமையான வசை வேறில்லை.

இன்று அதே சாலைகளில் அப்பெயர் வேறொரு குரலில் ஒலிக்கிறது. கோயில் வாயில்களிலும் பேருந்து நிலையங்களை ஒட்டிய சாலையோரக் கடைகளிலும் கரிய மணிமாலைகள் தொங்குகின்றன. 'அசல் கருங்காலி' என்னும் அட்டை அவற்றின்மேல் இருக்கிறது. அணிந்தால் தீமை விலகும், செல்வம் சேரும் என்று விற்பவர் கூறுகின்றனர். தந்தை தலைமுறைக்கு வசையாக இருந்த பெயர், மகன் தலைமுறைக்குக் காப்பாக மாறியிருக்கிறது. வசைக்கும் காப்புக்கும் இடையே மரம் மட்டும் காணப்படவில்லை. அதன் இலையையோ காயையோ அடையாளம் காட்டக்கூடியவர் அவ்வட்டாரத்தில் மிகச் சிலரே.

சொல்லின் அமைப்பு

கருமை + காலி என்பது பண்புப்பெயர்ப் புணர்ச்சி. 'மை' ஈறு கெட்டு, இனமெல்லெழுத்து மிகுந்து, கருங்காலி என்றாகிறது. 'கால்' என்பதற்கு உடலுறுப்பு என்பதோடு தூண், அடிமரம் முதலிய பொருள்களும் உண்டு. எனவே, கரிய அடிமரத்தை உடையது கருங்காலி. வேலைநிறுத்தத்தை முறிப்பவரைக் 'கறுப்புக் கால்' என்று பொருள்படும் ஒரு சொல்லால் குறிக்கும் வழக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. அப்பொருளையே தமிழ்த் தொழிற்சங்க மேடை இம்மரத்தின் பெயர்மீது ஏற்றிவிட்டது. தன் இனத்தைத் தானே அழிப்பவரைக் 'கோடரிக்காம்பு' என்னும் பழைய வழக்கும் அதற்குத் துணைநின்றது. காம்பு மரத்தால் ஆனது, வெட்டப்படுவதும் மரமே. ஆயினும், காம்பைச் செதுக்கியதும் கோடரியை ஓங்கியதும் மனிதரின் கைகள். பழியை மட்டும் மரம் சுமக்கிறது.

அகத்தே விளையும் கருமை

கருங்காலி என்று மரவியலார் குறிக்கும் மரத்தின் தாவரவியல் பெயர் டயோஸ்பைரோஸ் எபெனம். இதனை விளக்கிப் பெயரிட்ட கோனிக் என்பவர் லின்னேயசின் மாணவர். தரங்கம்பாடியில் டேனியச் சமயப்பணி நிலையத்தின் மருத்துவராக வந்து, தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்தவர். தென்னிந்தியாவும் இலங்கையும் இம்மரத்தின் தாயகங்கள். இலங்கையின் உலர் வலயக் காடுகளிலும், சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காடுகளிலும் இது வளர்கிறது. இலைகள் தடித்துப் பளபளப்பவை. காயின் அடியில் புல்லிவட்டம் பெருத்துக் கிண்ணம்போல் அதனைத் தாங்கிநிற்கும். வளர்ச்சியோ மிக மெதுவானது. நட்டவர் அதன் முதிர்ச்சியைக் காண்பதில்லை.

இம்மரத்தின் கருமை பட்டையை ஒட்டிய வெளிப்பகுதியில் இல்லை. வெட்டிப் பார்த்தால், வெளிவட்டம் வெளிர்மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும், நடுப்பகுதிதான் கருப்பு. உள்ளே வயிரம் உடையவற்றை 'அகக்காழ்' என்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் 'புறக்காழ்' என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்தறிந்துள்ளது. அகக்காழ் உடையன மரம். பனை, தெங்கு போலப் புறக்காழ் உடையன புல். அந்த அகக்காழுக்குக் கருங்காலியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

மரம் முதிர முதிர, தண்டின் நடுவிலுள்ள உயிரணுக்கள் இறந்துவிடுகின்றன. நீர் கடத்திய குழாய்கள் அடைபடுகின்றன. இறப்பதற்கு முன் அவ்வணுக்கள் உருவாக்கிய கரிய வேதிப்பொருள்கள், பிசின்போல் அணு அறைகளில் நிறைந்து இறுகுகின்றன. கருங்காலியில் இந்நிறைவு மிகுதி. வெற்றிடம் குறையக் குறைய எடை கூடுகிறது. ஒரு கன மீட்டர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ எடையுடையது. அதே அளவுள்ள கருங்காலி வயிரமோ 900 கிலோவைத் தாண்டும். நன்கு முதிர்ந்தது 1000 கிலோவையும் மீறி, நீரில் இட்டால் மூழ்கிவிடும். கறையானும் பூஞ்சையும் அதனை எளிதில் அரிப்பதில்லை. இப்பண்புகள் அனைத்தும் காலத்தின் வேலை. உரம் இட்டோ நீர் பாய்ச்சியோ ஓராண்டில் பெறத்தக்கது அன்று கருங்காலியின் கருமை.

உளிக்கு அடங்கும் மரம்

தமிழர் வாழ்வில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மரம் இருந்தது. வீணைக்குப் பலா, நாகசுரத்துக்கு ஆச்சா என்பதுபோல உலக்கைக்குக் கருங்காலி உரியதாயிற்று. உரலில் ஓங்கி இடிக்கப்படும்போதும் அது பிளவுபடாது, நுனி தேயாது. கைத்தடி, கத்திப்பிடி, சீப்பு, சதுரங்கக் காய் எனக் கையில் பயிலும் சிறு பொருள்களுக்கும் இது ஏற்றது. மேலைநாடுகளில் வயலின் விரற்பலகையும் பியானோவின் கறுப்புக் கட்டைகளும் இவ்வினத்து மரங்களால் செய்யப்பெற்றன. நாள்தோறும் விரல்களும் நரம்புகளும் உரசினாலும் தேயாத வழவழப்பே அதற்குக் காரணம்.

இம்மரத்தோடு வேலை செய்வது எளிதன்று. உளியின் முனை விரைவில் மழுங்கும். வெட்டிய மரத்தை வெயிலில் அவசரமாக உலர்த்தினால் வெடித்துவிடும். முனைகளைப் பூசி மூடி, நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். இழைக்கும்போது எழும் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும். இத்தனைக்கும் ஈடாக, இறுதியில் அது உலோகம்போல் மெருகேறும். இரும்பைக் கடையும் எந்திரங்களோடு பழகிய அம்பத்தூர்ப் பட்டறைத் தொழிலாளிக்கு இந்த அருமை விளங்கும். கடினமான பொருளில் பெறும் வழவழப்பு, பொறுமைக்குக் கிடைக்கும் கூலி என்பதை அவர் கை அறியும்.

தெரிந்து தெளிவோம்

பீடி சுற்றப் பயன்படும் தெந்து இலை கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு மரத்தின் இலை. பனிச்சை, இரும்புலி, சந்தையில் விற்கும் பெர்சிமன் ஆகியனவும் அதே பேரினத்தைச் சேர்ந்தவை.

கடல் கடந்த நாற்காலிகள்

பெயர் பிழைபடுவது இம்மரத்துக்குப் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஐரோப்பிய வணிகருக்காகச் சோழமண்டலக் கரையின் தச்சர்கள் கருங்காலியில் நாற்காலிகளையும் கட்டில்களையும் செய்தனர். பூங்கொடிகளும் பறவைகளும் கடற்கன்னியரும் நெருங்கச் செதுக்கப்பெற்ற அவை கப்பலேறின. 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் அத்தகைய நாற்காலிகளைத் தேடிச் சேர்த்து, இலண்டனுக்கு அருகிலுள்ள தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வைத்தார். அவை 16ஆம் நூற்றாண்டு டியூடர் அரசர் காலத்து ஆங்கிலேயப் படைப்புகள் என்று அவர் உறுதியாக நம்பினார். அவருடைய புகழால் அக்கருத்து நெடுங்காலம் பரவி நின்றது. இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், அவ்வகைப் பொருள்களைச் சோழமண்டலக் கரையில் செய்யப்பெற்றவை என்றே குறிக்கிறது.

ஒரு தவறான பெயர்ச்சீட்டு, தச்சர்களின் பெயரற்ற உழைப்பை வேறொரு நாட்டின் கணக்கில் எழுதிவிட்டது. மரமும் உளித்தடமும் மாறவில்லை. பார்த்தவரின் கண்தான் பெயரோடு நின்றுவிட்டது.

ஒரு பெயருக்கு இரு மரங்கள்

இன்றைய மாலைக் கடையிலும் அத்தகைய பிழை ஒன்று உள்ளது. தமிழில் கருங்காலி என்னும் பெயரைப் பெற்ற மரங்கள் இரண்டு. ஒன்று மேற்சொன்ன கரிய வயிரமுடைய மரம். மற்றொன்று சித்த மருத்துவத்தில் பேசப்படும் கருங்காலி. செங்கருங்காலி என்றும் அது வழங்கும். திருவேற்காட்டின் பெயரில் நிலைத்திருக்கும் வேல மரத்துக்கு உறவானது அது. அதன் வயிரம் செம்பழுப்பு நிறமுடையது. வயிரத்தைக் கொதிக்கவைத்து எடுக்கும் சாறே வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி. இரு மரங்களும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இலையாலும் பூவாலும் காயாலும் வேறுபட்டவை.

இதனை அறியாமையால், ஒரு மரத்தின் மருத்துவக் குணம் மற்றொரு மரத்தின் மணிகளுக்கு ஏற்றிச் சொல்லப்படுகிறது. மணி நீரில் மூழ்கினால் அசல் என்பதும் அத்தகைய அரைகுறை அறிவே. நீரைவிட அடர்த்தி மிகுந்த எந்த மரமும் மூழ்கும். மூழ்குதல் அடர்த்தியைக் காட்டுமே அன்றி, மரத்தின் இனத்தைக் காட்டாது. நிறமும் சான்றாகாது, மலிவான மரத்துக்குச் சாயம் ஏற்றலாம். மெல்லிய குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் வைத்து அணுக்களின் அமைப்பை ஆராய்வதே உறுதியான வழி. பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரங்களை இனங்காணும் பணி இவ்வாறு நடைபெறுகிறது. நம்பிக்கை கொள்வது அவரவர் உரிமை. எனினும், கரிய மணி நோயையோ கடனையோ போக்கும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்பதையும் வாங்குபவர் அறிந்திருத்தல் வேண்டும்.

கருமைக்குக் கொடுத்த விலை

கருமையை மட்டும் விரும்பியதால் காடுகள் கொடுத்த விலை பெரிது. நிற்கும் மரத்தைப் பார்த்து அதன் உள்ளே எவ்வளவு கருமை இருக்கிறது என்று கூற இயலாது. வெட்டிய பின்னரே அது தெரியும். 2011ஆம் ஆண்டு, டெய்லர் என்னும் அமெரிக்கக் கித்தார் நிறுவனம் ஸ்பெயின் நாட்டுப் பங்காளியோடு சேர்ந்து, ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் கருங்காலி அறுக்கும் ஆலை ஒன்றை வாங்கியது. அங்கே அதன் நிறுவனர் அறிந்த செய்தி அதிர்ச்சி தந்தது. பத்து மரங்களை வெட்டினால், முழுக்கருமை உடைய ஒன்று மட்டுமே காட்டிலிருந்து வெளியே வந்தது. பழுப்புக் கோடு ஓடிய மற்றவை வெட்டிய இடத்திலேயே கைவிடப்பட்டன. சந்தை அவற்றை வாங்காது என்பதே காரணம். வன்மையிலோ ஒலியிலோ அவை குறைந்தவை அல்ல. அதன்பின், கோடு ஓடிய மரத்தையும் கித்தாரில் பயன்படுத்த அந்நிறுவனம் முடிவு செய்தது. 2016 முதல் ஆய்வாளர்களும் ஊர் மக்களும் இணைந்து கன்றுகளை நடும் பணிக்கும் அது துணைநிற்கிறது.

மடகாஸ்கர் தீவின் கருங்காலி இனங்கள், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் 2013ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. இந்தியாவும் இலங்கையும் கருங்காலியை அறுக்காத மரமாக வெளிநாட்டுக்கு விற்பதைத் தடுத்துள்ளன. சட்டம் துறைமுகத்தில் காவல் நிற்க முடியும். வாங்குபவரின் விருப்பத்துக்குள் நுழைந்து காவல் நிற்க அதனால் இயலாது. உள்ளூர்த் தெருவில் எழும் திடீர் விருப்பம், வெளிநாட்டு வணிகத்தைப் போலவே ஒரு மரத்தின்மேல் கோடரியை ஓங்கவல்லது.

அறிதலே காப்பு

கடைசல் எந்திரத்தில் ஒரு மணியைக் கடைய ஒருசில நிமிடங்கள் போதும். அம்மணி அசல் கருங்காலியாயின், அதன் கருமை விளையப் பல தலைமுறைகள் கழிந்திருக்கும். போலியாயின், வாங்கியவர் பெற்றது சாயம் மட்டுமே. இரண்டிலும் இழப்பு உண்டு. ஒன்றில் காடு இழக்கிறது. மற்றொன்றில் வாங்கியவர் இழக்கிறார்.

நிழலில் வளரவல்லது கருங்காலிக் கன்று. புறநகரின் பள்ளி வளாகங்களிலும் ஏரிக்கரைகளிலும் பிற மரங்களின் நிழலில் அதற்கு இடமளிக்கலாம். அதை நடும் மாணவர் அதன் வயிரத்தைக் காணப்போவதில்லை. ஆயினும், இலையைத் தொட்டும் கிண்ணம் ஏந்திய காயைப் பார்த்தும் 'இதுதான் கருங்காலி' என்று சொல்லக்கூடிய ஒருவர் அவ்வூரில் இருப்பார். அவரிடம் சாயம் பூசிய மணியை விற்பது கடினம். அவர் முன்னிலையில் அப்பெயரை வசையாகப் பயன்படுத்துபவரும் சற்றுத் தயங்குவார். பெயர் தெரிந்தவர்கள் நிறைந்த நாட்டில் மரத்தைத் தெரிந்தவர்கள் பெருகுவதே, அம்மரத்துக்கு நாம் அணிவிக்கத்தக்க காப்பு.