டபிள்யூ என்றால் வெயிட் இல்லை



என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பிழையாகச் சொல்லித் தந்த ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாசிக்குடாவில் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். கனடாவில் எட்மன்டனிலிருந்து லீவில் வந்திருந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"சேர், உங்கட பாடத்தால எனக்கு ஒரு வேலை போச்சு."

போன முதல் வருடம் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். பழைய என்ஜினுக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்பது எங்கள் ஊர் கராஜ்களில் கேட்டு வளர்ந்த கதை. தரம் 10இல் அவர் ஒயில் கேனில் உள்ள டபிள்யூவைப் பற்றிக் கேட்டபோது, "வெயிட்தான் மகன்" என்று யோசிக்காமல் சொன்னேனாம். அந்த நம்பிக்கையில் அங்கேயும் 20டபிள்யூ-50 தேடி வாங்கி ஊற்றியிருக்கிறார்.

ஜனவரியில் ஒரு நாள் விடிய மைனஸ் 30 பாகை. சாவியைத் திருப்பினால் என்ஜின் ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றுவிட்டது. பஸ் பிடித்துப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது கிழமைதான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன்.

டபிள்யூ என்பது வின்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஒயில் எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள எண், என்ஜின் சூடேறி ஒயில் 100 பாகைக்கு வந்தபின் அதன் பிசுக்குமையைச் சொல்கிறது. அதனால் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 இரண்டும் சூட்டில் ஒரே வகுப்புத்தான். வித்தியாசம் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதுதான்.

என்ஜினைச் சுற்ற விடுமா என்று ஒவ்வொரு வகையையும் ஒரு குளிரில் வைத்துச் சோதிக்கிறார்கள். 20டபிள்யூவுக்கு மைனஸ் 15, 15டபிள்யூவுக்கு மைனஸ் 20, 10டபிள்யூவுக்கு மைனஸ் 25, 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, 0டபிள்யூவுக்கு மைனஸ் 35. மாணவர் ஊற்றிய ஒயில் மைனஸ் 15க்கு மட்டும் உத்தரவாதம் உள்ளது. குளிரில் பெட்டரியின் பலமும் குறையும். பிறகு எப்படி ஸ்டார்ட் ஆகும்?

நுவரெலியா டூர் போன பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும், விடியும்போது தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைந்து கிடந்தது. ஒயில் அப்படிக் கட்டியாகாவிட்டாலும், குளிரக் குளிரத் தேன்போலத் தடித்துவிடும். பம்ப் அதை இழுத்து மேலே அனுப்பச் சுணங்கும். அந்த நேரத்தில் இரும்பும் இரும்பும் உரசித் தேயும்.

மாணவர் இப்போது 0டபிள்யூ-30 பாவிக்கிறார். அவருடைய காரின் புத்தகம் சொல்வதும் அதைத்தான். இரவில் என்ஜினைச் சூடாக்கும் ஹீட்டரைக் கரண்டில் மாட்டிவிட்டுத்தான் தூங்குவாராம். அங்கே கார்களின் முன்பக்கத்தில் பிளக் தொங்குவது சாதாரணம் என்றார்.

எங்கள் ஊருக்கு முதல் எண் பெரிய பிரச்சினை இல்லை. நுவரெலியாக் குளிரையும் 20டபிள்யூ தாங்கும். ஆனால் ஜப்பான் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் 0டபிள்யூ-20ஐப் பார்த்து, "இது தண்ணி மாதிரி, எங்கட வெயிலுக்குச் சரிவராது" என்று தடித்த ஒயிலுக்கு மாறாதீர்கள். அந்த என்ஜினை அந்த ஒயிலுக்கென்றே செய்திருக்கிறார்கள். கராஜ் பேச்சை விடுங்கள், காரோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

அன்று வகுப்பில் "தெரியாது மகன், பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்றன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வெட்கத்தோடு முடிந்திருக்கும். திங்கட்கிழமை தரம் 10 பிள்ளைகளிடம் இந்தக் கதையை அப்படியே சொன்னேன். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், வேற என்னென்ன பிழையாச் சொல்லித் தந்திருக்கீங்க?"

தேடிக்கொண்டிருக்கிறேன்.

குளிர் நாடுகளில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.